காபுரேட்டர் கழுவிய வகையில் சம்பந்திக்கு எழுதியது

ஹல்மில்லவத்தைத் தோட்டம்,
கீழ்ப்பிரிவு,
கரவனெல்ல வழி.
11.03.2026, புதன்கிழமை, மாலை 5.10

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திருவாளர் வே. பொன்னுத்துரை அவர்கள் சமூகத்துக்கு, மேற்படி தோட்டத்தின் இளைப்பாறிய ரப்பர் தொழிற்சாலை அதிகாரி மு. நாகலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும், என் மனைவி அன்னலட்சுமியும், என் ஒரே மகளும் தங்கள் மருமகளுமாகிய தனுஜாவும் முருகன் கிருபையால் சுகம். அவ்விடம் தங்கள் சுகமும், சம்பந்தியம்மாளின் முழங்கால் சுகமும், மாப்பிள்ளை நிரோஷனின் சுகமும், கரவனெல்ல கடைவீதியில் தங்கள் இரும்புக்கடையின் சுகமும் அறிய ஆவல். சுக விசாரணை இத்துடன் நிறைவடைகிறது. இனி எழுதப்போவது எதுவும் சுகமானதல்ல.

04.03.2026 புதன்கிழமை காலை 6.50 மணிக்குத் தாங்கள் என் கைப்பேசிக்கு அனுப்பிய 1 நிமிடம் 47 விநாடி நீளமான குரல்பதிவு கிடைத்தது. அது கிடைத்த இடம் ஆற்றின் நடு. எங்கள் கரையில் சிக்னல் கிடையாது என்பதும், ஆற்றின் நடுவில் ஏறக்குறைய நாற்பது அடி தூரத்துக்கு மட்டும் சிக்னல் உண்டு என்பதும் தங்களுக்குத் தெரியாத விஷயமல்ல. ஒரு கையில் மோட்டரின் கைப்பிடியும் மறு கையில் கைப்பேசியுமாக, தங்களிடமிருந்து வந்திருப்பதால் மரியாதை கருதி உடனே அழுத்தினேன். எனக்குக் காது சற்று மந்தம் என்பதால் சத்தத்தை முழுதாக வைத்திருப்பது என் வழக்கம். போட்டில் என்னைத் தவிர எட்டுப் பேர் இருந்தார்கள். அந்த எட்டுப் பேருக்கும் கேட்கும்படி தங்கள் குரல், "சம்பந்தி, நான் வளவளன்னு பேச விரும்பலைங்க. அந்த ஓட்டைப் போட்ட நம்பி எங்க மருமகள இனி அந்தப் பக்கம் விட்டு வைக்க முடியாது. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள அனுப்பி வைங்க. இல்லாட்டி நாங்களே வந்து கூட்டிட்டுப் போவோம், ரோட்டுல சுத்தி வந்தாலும் பரவால்ல" என்று முழங்கியது. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் தண்ணீரைப் பார்த்தார்கள். ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மூக்காயி என்னும் அம்மையார் மட்டும் என்னைப் பார்த்து, "ஐயா, மறுபடி ஒருக்கா போடுங்க, கடைசியில என்ன சொன்னாருன்னு சரியா வெளங்கல" என்றார். நான் போடவில்லை. ஆனால் அதற்குள் சிக்னல் நாற்பது அடி முடிந்துவிட்டபடியால், உடனடியாகத் தங்களுக்குப் பதிலும் சொல்ல முடியவில்லை. ஒரு குடும்ப விஷயத்தை எட்டுப் பேர் நடுவில் விவாதிப்பவன் நானல்லன் என்பதாலேயே இதனைக் கடிதமாக, கையெழுத்துடன், தேதியுடன் எழுதுகிறேன்.

முதலில் 'ஓட்டைப் போட்' என்பதை எடுத்துக்கொள்வோம். போட்டில் ஓட்டை கிடையாது. 28.11.2025 வெள்ளிக்கிழமை வந்த வெள்ளத்தில் எங்கள் தொங்குபாலம் அடித்துக்கொண்டு போனபின், கீழ்ப்பிரிவின் நாற்பத்துமூன்று குடும்பங்களுக்கும் எதிர்க்கரைக்குப் போகக் கிட்டிய வழி வேறு இல்லை என்று கண்டு, நிவாரணம் கொண்டுவந்தவர்கள் கொடுத்துப்போன பைபர் போட் அது. அதன்மேல் ஒரு கீறல்கூட இல்லை. பழுது ஏதும் இருந்தது என்றால் அது மோட்டரில் இருந்தது. அந்தப் பதினைந்து குதிரைவலு மோட்டரை 14.12.2025 ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் முன்றலில், கழுத்தில் மாலையுடன், 'நீர்கொழும்பில் எனக்குத் தெரிந்த ஆளிடம் வாங்கினேன், புதிதுக்குச் சமம்' என்று பேசி அன்பளிப்புச் செய்தவர் யார் என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. மாலை மோட்டருக்கும் போடப்பட்டது. படம் என்னிடம் இருக்கிறது.

அடுத்தது என் நியாயம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பதே நம் இரு வீட்டாருக்கும் வழக்கம். 25.01.2026 ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு முடிந்து தனுஜாவை அழைத்துவந்தபோது, கிளினிக் அட்டையில் பிரசவத் தேதி 27.03.2026 வெள்ளிக்கிழமை என்று எழுதியிருப்பதைத் தாங்களும் பார்த்தீர்கள். அப்போது தாங்கள் ஆற்றைப் பார்த்து, "ஆத்தத் தாண்டித்தானே சம்பந்தி ஆஸ்பத்திரி" என்று இழுத்தீர்கள். நான், "போட் பொறுப்பாளர் நான். ஏழு நிமிடத்தில் அக்கரை, அங்கிருந்து த்ரீவீலில் பதினைந்து நிமிடத்தில் கரவனெல்ல ஆஸ்பத்திரி" என்று எல்லார் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்தேன். முப்பத்தெட்டு வருடம் தொழிற்சாலையில் ஒரு நாள்கூடத் தாமதமாக மணி அடித்தவனல்ல நான். என் ஏழு நிமிடம் என்பது ஏழு நிமிடம்தான். இந்த வாக்கைக் காப்பாற்ற முடியாதவன் என்று தாங்கள் நினைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எதிர்க்கரை இறங்குதுறை நேர் எதிரே இல்லை, நீரோட்டத்துக்கு எதிராக இருநூறு மீற்றர் மேலே இருக்கிறது. ஆகவே மோட்டருக்கு வலு வேண்டும். ஜனவரி முடியும்வரை வலு இருந்தது. 02.02.2026 திங்கட்கிழமை முதல் அது குறையத் தொடங்கியது. மெதுவாக ஓட்டினால் பூனைபோல ஓடும். கைப்பிடியை முறுக்கினால் இருமும். இன்னும் முறுக்கினால் பெருமூச்சு விட்டு, பழைய வேகத்துக்கே திரும்பிவிடும். நீரோட்டம் கூடிய இடத்தில் நாங்கள் எஞ்சின் சத்தத்துடன் நின்ற இடத்திலேயே நிற்போம். கரையில் நிற்கும் மாமரம் ஒன்றை நான்கு நிமிடம் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். மூக்காயி அம்மையார், "மரம் நகர்ற மாதிரியும் தெரியலை, நாம நகர்ற மாதிரியும் தெரியலை. எறங்கி நடந்தா என்னங்கய்யா?" என்று ஆழமான இடத்தில் வைத்துக் கேட்டார்.

இதற்குக் காரணம் காபுரேட்டர் என்பதை நானே கண்டறிந்தேன். பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் உறுப்பு அது. அடியில் ஒரு சிறு கிண்ணம், கிண்ணத்தின் நடுவே ஜெட் எனப்படும் பித்தளைத் துண்டு, அந்தத் துண்டில் ஒரு தலைமயிர் நுழையும் அளவுக்குத் துவாரம். பிசுக்குப் படிந்து அந்தத் துவாரம் அடைபட்டால் பதினைந்து குதிரையில் ஐந்து குதிரைகூட எழுந்து நிற்காது. கழற்றிக் கழுவினால் பழைய வலு திரும்பிவிடும். இவ்வளவுதான் விஷயம். இவ்வளவு சிறிய விஷயத்துக்காக ஒரு கர்ப்பிணிப் பெண்ணைத் தாய்வீட்டிலிருந்து பிரிக்க நினைப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்கிறேன்.

முதல் முறை கழுவியது 07.02.2026 சனிக்கிழமை. தெரணியகலையில் த்ரீவீல் திருத்தும் கிருஷ்ணராஜ் என்பவரை அழைத்துவந்தேன். அவர் இதற்குமுன் போட் மோட்டரைத் தொட்டதில்லை என்பதை, அதை முழுவதும் கழற்றிய பிறகே தெரிவித்தார். கேட்டதற்கு, "மோட்டர்னா மோட்டர்தாங்கய்யா. த்ரீவீல்ல மூணு சில்லு, இதுல ஒரு காத்தாடி, அம்புட்டுதான்" என்றார். பிறகு ஜெட்டை உதட்டில் வைத்து ஊதினார். போகவில்லை. கழுத்துத் தாயத்துக் கயிற்றில் இருந்த ஊக்கைக் கழற்றி அந்தத் துவாரத்துக்குள் விடப் போனார். கம்பி விட்டால் துவாரம் பெரிதாகி, மோட்டர் பெட்ரோலைக் குடித்தே தீர்த்துவிடும் என்று நான் படித்திருக்கிறேன். "குத்தாதே!" என்று கத்தினேன். அவர் அமைதியாக, "குத்தலைங்கய்யா, உள்ள யாரு இருக்காங்கன்னு விசாரிக்கிறேன்" என்றார். விசாரணை முடிந்து பூட்டினார். மோட்டர் இரண்டு நாள் குதிரையாகவே ஓடியது. மூன்றாம் நாள், அதாவது 10.02.2026 செவ்வாய்க்கிழமை, மறுபடியும் இருமியது.

இரண்டாம் முறை, 21.02.2026 சனிக்கிழமை, நானே கழுவினேன். மோட்டருடன் தாங்கள் தந்த கையேடு ஜப்பான் மொழியில் இருந்தது. அதைத் தந்தபோது, "படம் இருக்கு சம்பந்தி, படிக்கத் தேவையில்ல" என்றீர்கள். படத்தில் உள்ள மனிதர் எல்லாப் படத்திலும் சிரித்துக்கொண்டே கழற்றுகிறார். சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கழற்றிய பாகங்கள் வரிசை மாறாதிருக்க வேண்டும் என்பதற்காக, அன்னலட்சுமியின் இட்லித்தட்டை எடுத்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு பாகமாக, இடமிருந்து வலமாக வைத்து, ஒவ்வொன்றின் பெயரையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். பெயர் தெரியாதவற்றுக்கு 'பெயர் தெரியாதது 1', 'பெயர் தெரியாதது 2' என்று எழுதினேன். காலை 9.15க்குத் தொடங்கி மதியம் 1.40க்குப் பூட்டி முடித்தேன். ஏழாம் குழியில் ஒரு சிறிய பித்தளை வளையம் மிஞ்சியிருந்தது. அது 'பெயர் தெரியாதது 4'. மறுபடி கழற்றிப் பூட்டினேன். இம்முறை இரண்டு மிஞ்சின. மூன்றாம் தடவை எதுவும் மிஞ்சவில்லை, ஆனால் அவற்றை எங்கே வைத்தேன் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இதை ஆற்றில் கொண்டுபோய்ப் பரீட்சிப்பது ஆபத்து என்பதால் வீட்டிலேயே, குடிதண்ணீர்ப் பீப்பாயின் விளிம்பில் மோட்டரை மாட்டி, கயிற்றை இழுத்தேன். மோட்டர் மிக நன்றாக வேலை செய்தது. பீப்பாய்த் தண்ணீரில் பாதி அடுப்படிக்குள் போய், அடுப்பு அணைந்து, உலை வைத்திருந்த சோறு சூப்பாகியது. மீதிப் பாதியில் எண்ணெய் மிதந்தது. அன்னலட்சுமி வாசலுக்கு வந்து, "மோட்டருக்குத் தண்ணி காட்டணும்னா அந்தா அம்மாம் பெரிய ஆறு இருக்கு! என் பீப்பாதான் கெடச்சுச்சா ஒங்களுக்கு? இட்லித்தட்டு எங்கப்பா குடுத்த சீதனம், அதுல என்னத்த வேக வச்சிருக்கீங்க?" என்றாள். அன்று முதல் இன்று வரை, பதினெட்டு நாட்களாக, இந்த வீட்டில் இட்லி கிடையாது. தங்கள் மருமகளின் போஷாக்குக்காக நான் செய்த தியாகங்களில் இதுவும் ஒன்று என்பதை அறியத் தருகிறேன். மோட்டர் மறுபடி இரண்டு நாள் நன்றாக ஓடியது. 24.02.2026 செவ்வாய்க்கிழமை இருமியது.

அப்போது எனக்கு மாப்பிள்ளையின் கேன்கள்மேல் ஐயம் வந்தது. சனிக்கிழமைதோறும் கரவனெல்ல பெட்ரோல் ஷெட்டிலிருந்து பெட்ரோல் கொண்டுவருபவர் அவர். 28.02.2026 சனிக்கிழமை மாலை அவரிடம் நேராகவே, "மாப்பிள்ளை, இந்தக் கேனில் முன்பு என்ன இருந்தது?" என்று கேட்டேன். "பெட்ரோலுதான் மாமா." "அதற்கு முன்பு?" "கடையில புதுசா இருந்துச்சு மாமா." "கடையில் அதற்கு முன்பு?" அவர் தனுஜாவைப் பார்த்தார். தனுஜா, "அப்பா, கேனோட சாதகத்தையும் கேக்கப் போறீங்களா?" என்றாள். கேட்பதில் என்ன தவறு? அந்தப் பெட்ரோலை நான் அப்படியே ஊற்றுவதில்லை. மும்முறை வடிகட்டிய பிறகே ஊற்றுகிறேன். தொழிற்சாலையில் கற்ற ஒழுங்கு அது. வடிகட்டாத எதையும் எந்தத் தொட்டியிலும் ஊற்ற என் கை இடம் கொடுக்காது.

இனி 01.03.2026 ஞாயிற்றுக்கிழமை. தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும், பழத்தட்டுடனும் பலகாரத் தகரத்துடனும் மருமகளைப் பார்க்க வந்தீர்கள். தங்களை அழைத்துவர நானே அக்கரைக்கு வந்தேன். திரும்பும்போது, நீரோட்டம் கூடிய இடத்தில், மோட்டர் இருமாமலே நின்றது. நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதுவும் தங்களை ஏற்றிய அன்று. போட் ஆற்றின் போக்கில் போகத் தொடங்கியது. நான் கயிற்றை இழுத்தேன், மறுபடி இழுத்தேன், பதினொரு தடவை இழுத்தேன். மாப்பிள்ளை கையால் துடுப்புப் போட்டார். சம்பந்தியம்மாள் கரை சேர்ந்தால் இரத்தினபுரி சமன் தெய்வத்துக்குத் தட்டு வைப்பதாக நேர்ந்துகொண்டார். தாங்கள் மட்டும் முன்பக்கத்தில் வெள்ளை வேட்டியுடன் எழுந்து நின்று, கையை நீட்டி, "சம்பந்தி! ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்! நாம இந்தப் பக்கம் போறோம்!" என்று எனக்குத் திசை காட்டினீர்கள். திசை எனக்குத் தெரியும். கீழே படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த சிங்களப் பெண்கள் நிமிர்ந்து, "மாத்தயா, கொஹேத மே யன்னே?" என்று, எங்கே போகிறீர்கள் என விசாரித்தார்கள். சம்பந்தி முன்னிலையில் என் நிதானம் குலையக்கூடாது என்பதற்காக, "பொட்டக் எஹாட்ட" என்று, சற்று அந்தப் பக்கம் என்பதாகப் பதில் சொன்னேன். அவர்கள்தான் துவைத்த சேலையை வீசி எங்களை இழுத்துப் போட்டார்கள். தங்கள் குரல்பதிவில் 'ஒரு கிலோமீற்றர் அடிச்சிட்டுப் போச்சு' என்று சொல்லியிருக்கிறீர்கள். 05.03.2026 வியாழக்கிழமை கரையோரமாகக் கயிறு பிடித்து அளந்தேன். முந்நூற்று நாற்பது மீற்றர். பழத்தட்டும் விழவில்லை, பலகாரத் தகரமும் விழவில்லை. தங்கள் வேட்டி நனைந்தது முழங்கால்வரைதான். இதற்கு ஒரு கிலோமீற்றர் என்று பெயரா?

ஆயினும் அன்று படித்துறையில் இறங்கிய சம்பந்தியம்மாள், "இதே மாதிரி அவளுக்கு வலி வந்த நேரத்துல நின்னா என்னங்க செய்வீங்க?" என்று கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதில் இல்லாததால் அல்ல. மூச்சு வாங்கியதால்.

மூன்றாம் முறை கழுவியது 07.03.2026 சனிக்கிழமை. தங்கள் குரல்பதிவுக்குப் பின் இது மானப் பிரச்சினை ஆகிவிட்டபடியால், கிருஷ்ணராஜை மறுபடி வரவழைத்து, ஆற்றங்கரையிலேயே, பாய் விரித்து, எல்லாரும் பார்க்கும்படி கழற்றச் செய்தேன். ஒளிவுமறைவு இல்லை என்பது ஊருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். போட்டுக்குக் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். கிருஷ்ணராஜ் கிண்ணத்தைக் கழற்றி, "மறுபடியும் அதே பிசுக்குங்கய்யா. போன தடவ கழுவுனேனே, எங்கிருந்துதான் வருதோ" என்றார். கிண்ணத்தின் அடியில் பழுப்பு நிறத்தில், பாகு போல ஒன்று படிந்திருந்தது. மூக்காயி அம்மையார் யாரும் கேட்காமலே முன்னுக்கு வந்து, அதில் விரலை வைத்து, இரண்டு விரல்களுக்கு நடுவே இழுத்தார். இழுபட்டது. விட்டார். சுருங்கியது. முகர்ந்து பார்த்தார்.

"ஐயா, இது பெட்ரோல் அழுக்கு இல்லைங்க. இது பாலு. நம்ம ரப்பர் பாலு."

"மோட்டருக்குள் ரப்பர் பால் எப்படி வரும்? மோட்டர் என்ன மரமா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. முப்பத்திநாலு வருஷம் மரம் வெட்டி ஒங்க கையிலதான் பாலு நிறுத்துக் குடுத்தேன். 'மூக்காயி, இதுல தண்ணி கலந்திருக்கு'ன்னு எத்தன நாளு எல்லார் முன்னுக்கும் திருப்பி அனுப்பிச்சிருப்பீங்க? இன்னைக்கு நான் சொல்றேன். ஒங்க பெட்ரோல்ல பாலு கலந்திருக்குங்க."

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். யார் என்று எனக்குத் தெரியும். தேதியுடன் குறித்து வைத்திருக்கிறேன்.

"எதுலங்கய்யா பெட்ரோல வடிக்கிறீங்க?" என்று கிருஷ்ணராஜ் கேட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்து காட்டினேன். தொழிற்சாலையில் பால் வடிக்கும் அதே ரகச் சல்லடை. 30.06.2014 அன்று நான் இளைப்பாறியபோது, எழுத்துமூலம் அனுமதி பெற்று எடுத்துவந்தது. வீட்டுக்குப் பின்னால் உள்ள எட்டு ரப்பர் மரங்களின் பாலைக் காலையில் அதில்தான் வடிப்பேன். நன்றாகத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, மாலையில் அதிலேயே பெட்ரோலை வடிப்பேன். மூன்று முறை. கிருஷ்ணராஜ் சல்லடையின் ஓரத்தில் காய்ந்திருந்த ரப்பரை நகத்தால் சுரண்டி, பெட்ரோலில் போட்டுக் கலக்கி, விரலில் எடுத்துப் பார்த்துவிட்டு, பாயில் விழுந்து சிரிக்கத் தொடங்கினார். "ஐயா சொலுஷன் காய்ச்சியிருக்காருடோய்! டியூப்புக்குப் பஞ்சர் ஒட்டுற சொலுஷன் இதுதாங்க! ஒரு மாசமா காபுரேட்டருக்குப் பஞ்சர் ஒட்டியிருக்கீங்க! மூணு தடவ வடிச்சா மூணு மடங்கு ஒட்டாதா?"

இங்கே நான் என் நிலைப்பாட்டைத் தெளிவாக எழுதிவைக்க விரும்புகிறேன். ரப்பர் என் சல்லடையில் ஏறக்குறைய பன்னிரண்டு வருடமாக யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருந்தது. தண்ணீர் பட்டபோது அது கரையவில்லை. சோப்புப் பட்டபோதும் கரையவில்லை. பெட்ரோல்தான் வந்து அதைக் கரைத்தது. ஆகவே குற்றம் பெட்ரோலின் குணத்தில் இருக்கிறதே தவிர, வடிகட்டியவரின் ஒழுங்கில் இல்லை. வடிகட்டுவது நல்ல பழக்கம் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. மாப்பிள்ளையின் கேன்மேல் நான் கொண்ட ஐயம் நீங்கிவிட்டது என்பதையும் பெருந்தன்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

கிருஷ்ணராஜ் தின்னர் ஊற்றி எல்லாத் துவாரங்களையும் கழுவி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, தொட்டியையும் குழாயையும் அலசி, பூட்டினார். ஒன்றும் மிஞ்சவில்லை. இப்போது பெட்ரோலைப் புதிய வெள்ளைத் துணியில் வடிகட்டுகிறேன். ஒரு முறை மட்டும். 08.03.2026 ஞாயிற்றுக்கிழமை காலை 7.00 மணிக்கு, எட்டுப் பேர், இரண்டு பலாப்பழம், ஒரு கேஸ் சிலிண்டர் ஆகியவற்றுடன், முழு நீரோட்டத்துக்கும் எதிராக, நான்கு நிமிடம் பத்து விநாடியில் அக்கரை சேர்ந்தோம். மாமரம் பின்னால் போனதை எல்லாரும் பார்த்தார்கள். எட்டுப் பேரின் கையெழுத்தும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. மூக்காயி அம்மையார் கையெழுத்துக்குப் பதிலாகக் கைநாட்டு வைத்து, 'பாலு இல்ல' என்று பக்கத்தில் எழுதச் சொன்னார், அதுவும் எழுதப்பட்டுள்ளது. அன்றிலிருந்து இன்று வரை நாளுக்கு ஆறு தடவை. ஒரு இருமல் கிடையாது.

ஆகவே சம்பந்தி அவர்களே, பழுது கண்டறியப்பட்டு நீக்கப்பட்டுவிட்டது. தங்கள் கோரிக்கைக்கு இருந்த ஒரே காரணமும் இல்லாமற்போயிற்று. தனுஜா இங்கேதான் இருப்பாள். வலி எடுத்தால் நான்கு நிமிடம் பத்து விநாடியில் அக்கரை. குழந்தை பிறந்து முப்பத்தோராம் நாள் வரை தாய்வீட்டைவிட்டு அவள் ஓர் அடியும் வைக்கமாட்டாள். இது நான் கொடுத்த வாக்கு. ஒரு காபுரேட்டருக்காக அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். ரோட்டால் சுற்றி வருவதாகச் சொன்னீர்கள்; ரோடு எங்கள் மேல்பிரிவுவரைதான் வருகிறது, அங்கிருந்து இரண்டரை மைல் இறக்கம். சம்பந்தியம்மாளின் முழங்காலை நினைத்தாவது அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள்.

எழுத்தில் கடுமை இருந்தால் அது உறவின் உரிமை என்று கொள்ளவும். சம்பந்தியம்மாளுக்கு என் பணிவான வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசி. அவர் ஆயுளும் தொழிலும் பெருக எங்கள் தோட்டத்து மாரியம்மன் துணைநிற்பாள். தங்கள் வீட்டில் உள்ள எல்லாரும் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அர்ச்சனை செய்கிறோம் என்பதையும் அறியத் தருகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் மாறாத சம்பந்தி,
மு. நாகலிங்கம்
போட் பொறுப்பாளர், கீழ்ப்பிரிவு மரண உதவிச் சங்கம்

பின்குறிப்பு: 12.03.2026, வியாழக்கிழமை, காலை 6.35. மேலே உள்ள கடிதம் தபாலில் வரவில்லை, தங்கள் மருமகளின் கையில் வருகிறது. தங்கள் கோரிக்கை பற்றி எழுதிய பகுதி செல்லாது எனக் கொள்ளவும். இன்று காலை 6.10 மணிக்கு நான் துறைக்குப் போனபோது, தனுஜா இரண்டு பைகளுடன் அங்கே நின்றிருந்தாள். என்ன இது என்று கேட்டேன். "அப்பா, போட் ஓடுதா ஓடலையான்னு நீங்க பாக்குறீங்க. எனக்குப் படுத்தாத் தூக்கம் வரலைப்பா, ஆத்துச் சத்தந்தான் கேக்குது. இப்ப நல்லா ஓடுதுல்ல? ஓடுறப்பவே என்னய அந்தப் பக்கம் விட்ருங்க" என்றாள். வழக்கம் என்ன, நான் கொடுத்த வாக்கு என்ன என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அன்னலட்சுமியும் ஒரு பையுடன் இறங்கி வந்து, போட்டில் ஏறி உட்கார்ந்து, "தலப்பிரசவம் தாய்வீட்டுலன்னுதானே சொன்னீங்க. தாய் நான் அவகூடப் போறேன். வீடு மட்டுந்தான் இங்க இருக்கு, அத நீங்க பாத்துக்கங்க" என்றாள். இதற்கு எழுத்தில் பதில் சொல்ல எனக்கு அவகாசம் தரப்படவில்லை. ஆகவே இருவரும் வருகிறார்கள். இருவருக்கும் இடம் கொடுக்கவும். தனுஜாவுக்குக் குளிக்கத் தண்ணீர் இளஞ்சூட்டில் வேண்டும், கொதிக்கக்கூடாது. இடதுபக்கம் சாய்ந்து படுக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். சுவர் இடதுபுறம் வருமாறு கட்டிலைத் திருப்பிப் போடவும். கிணற்றுப் பக்கத்து ஜன்னல் காற்று வேண்டாம். நான் நாளைக்கு மாலை 4 மணி போட் நடைக்குப் பிறகு வந்து பார்ப்பேன், நாளன்றைக்கும் வருவேன், அதற்கடுத்த நாளும் வருவேன். சம்பந்தி என்ற முறையில் தாங்கள் அதைத் தடுக்க முடியாது. இந்தப் பின்குறிப்பை அக்கரைத் துறையில், போட்டில் உட்கார்ந்தபடியே எழுதுகிறேன். கிளம்பும்போது நான் கயிற்றை ஒரே ஒரு தடவைதான் இழுத்தேன், அதையும் சும்மா லேசாகத்தான் இழுத்தேன், பிடித்துக்கொண்டது. மூன்று நிமிடம் ஐம்பது விநாடியில் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. கிருஷ்ணராஜைத் தாங்கள் எங்காவது கண்டால் என் சார்பில் ஒரு வார்த்தை கேட்கவும்: இந்த அளவுக்குச் சுத்தமாகக் கழுவச் சொல்லி அவரிடம் யார் சொன்னது?